வெங்காயத்தின் விலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது?

சந்தையில் வெங்காய விலை திடீரென விழுந்தால் நாங்கள் தரகரை ஏசுவோம், லொறிக்காரரை ஏசுவோம். அவர்களுக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் விலையின் ஒரு பகுதி சந்தைக்கு வெளியே, கொழும்பிலுள்ள சில அரச அலுவலகங்களில் தீர்மானிக்கப்படுகிறது. அந்த அலுவலகங்கள் எவை, அவற்றின் வேலை என்ன, எங்கள் குரலை அங்கு கொண்டு சேர்ப்பது எப்படி என்பவற்றை இந்தப் பாடத்தில் படிப்போம்.

எந்த அலுவலகம் என்ன செய்கிறது?

வெளிநாட்டு வர்த்தகம் முழுவதும் ஒரே அலுவலகத்தின் கையில் இல்லை.

வணிகத் திணைக்களம்: பிற நாடுகளுடன் வர்த்தக உடன்படிக்கைகளைப் பேசுவது இதன் பணி. 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கை வர்த்தக உடன்படிக்கை அப்படியான ஒன்று. அதில், வரிச் சலுகை வழங்கப்படாத பொருட்களின் பட்டியல் ஒன்று உண்டு. கமவிளைபொருட்கள் பல அதில் சேர்க்கப்பட்டன. இப்படியான பேச்சு நடக்கும் வேளையில்தான் கமக்காரரின் கருத்துப் போய்ச் சேர வேண்டும்.

இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களம்: எந்தப் பொருள் தாராளமாக வரலாம், எதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், எது வரக்கூடாது என்ற ஒழுங்குகளை 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடைமுறைப்படுத்துகிறது.

நிதி அமைச்சு: இறக்குமதி வரி இதன் பொறுப்பு. 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ், வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபா என வர்த்தமானி மூலம் அறவீடு விதிக்கப்பட்டு வந்தது. பணத்தைத் துறைமுகத்தில் அறவிடுவது சுங்கத் திணைக்களம்.

ஏற்றுமதி அபிவிருத்திச் சபை: 1979 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. எங்கள் பொருட்களுக்கு வெளிநாட்டுச் சந்தை தேடுவோருக்கு உதவுகிறது.

முதலீட்டுச் சபை: 1978 இல் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவாகத் தொடங்கி, 1992 இல் இப்பெயரைப் பெற்றது. வெளிநாட்டு முதலீட்டாளருடன் ஒப்பந்தம் செய்வது இதுவே. உங்கள் ஊருக்குக் கம்பனி ஒன்று வந்தால், அது எந்த ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது, யாருடைய காணியைக் கேட்கிறது என்று முதலில் விசாரியுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோதும் காணி உங்களுடையதே. உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெற்று வையுங்கள்.

ஒரு கணக்கு

கீழே வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காக மட்டும் தரப்படுகின்றன.

இறக்குமதி வெங்காயம் ஒரு கிலோ துறைமுகத்துக்கு 120 ரூபாவில் வருகிறது. வரி 50 ரூபா. ஏற்றுக்கூலியும் இலாபமும் 30 ரூபா. சந்தையில் அது 200 ரூபா. வரி 10 ரூபாவாகக் குறைந்தால் அதே வெங்காயம் 160 ரூபாவுக்கு விற்கப்படும்.

சொந்தத் தோட்டத்தில் செய்பவருக்கு ஏற்றுக்கூலியுடன் ஒரு கிலோவுக்கு 140 ரூபா முடிகிறது என்று வைப்போம். விலை 160 க்கு இறங்கினாலும் அவருக்கு 20 ரூபா மிஞ்சும். இடம்பெயர்ந்தவருக்குக் காணிக் குத்தகையும் கடனுக்கு வாங்கிய விதை வெங்காயமும் சேர்ந்து இன்னும் 30 ரூபா கூடுகிறது. அவருக்கு முடிவது 170 ரூபா. முன்னர் கிலோவுக்கு 30 ரூபா இலாபம் கண்டவர் இப்போது 10 ரூபா நட்டப்படுகிறார்.

வெங்காயம் நட்டுக் கிண்டுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் செல்லும். அதிவிசேட வர்த்தமானிக்கு ஓர் இரவு போதும். ஆகவே வரி மாற்றத்தில் முதலில் அடிபடுபவர் குத்தகைக் காணியில் செய்யும் கமக்காரரே.

நடந்தவற்றிலிருந்து படிப்போம்

1970 க்குப் பின்னர், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கியது. யாழ்ப்பாணத் தோட்டக்காரர் நல்ல விலை கண்டனர். கல்வீடு கட்டியவர்களும் இறைப்பு இயந்திரம் வாங்கியவர்களும் பலர். 1977 இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. கட்டுப்பாடுகள் தளர, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து விலை சரிந்தது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதுவும் மேற்சொன்ன 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே வந்தது. நவம்பரில் தடை நீங்கியது. ஆயினும் அந்தக் காலபோகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் குறைந்தது.

அயல்நாட்டு அரசின் தீர்மானமும் எங்களைத் தொடும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதம் 40 வீத ஏற்றுமதி வரியுடன் தடையை நீக்கியது. அப்படியான வேளைகளில் பம்பாய் வெங்காயத்தின் விலை இங்கே ஏறும். அந்த விலையை நம்பி எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால், நாங்கள் கிண்டும்போது தடை நீங்கியிருக்கலாம்.

நாங்கள் செய்யக்கூடியவை

1. ஒரு கொப்பியில் குத்தகை, விதை, உரம், இறைப்பு, கூலி எல்லாவற்றையும் எழுதுங்கள். வீட்டாரின் உழைப்பையும் கூலியாகக் கணக்கிடுங்கள். ஒரு கிலோவுக்கு என்ன முடிகிறது என்று தெரியாமல் நியாய விலை கேட்க முடியாது.

2. கமநல சேவை நிலையத்தில் பதிவான கமக்காரர் அமைப்பில் சேருங்கள். குத்தகைக்குச் செய்பவர்களையும் சேர்க்கும்படி கேளுங்கள்.

3. நடுவதற்கு முன், நடப்பிலுள்ள வரி என்ன என்று பாருங்கள். வர்த்தமானிகள் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வெளிவருகின்றன. படிக்கும் பிள்ளைகளிடம் இப்பொறுப்பைக் கொடுக்கலாம்.

4. அறுவடை மாதங்களில் வரியைக் குறைக்க வேண்டாம் என்று அமைப்பின் பெயரில் நிதி அமைச்சுக்கு எழுதுங்கள். மாவட்டச் செயலாளருக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் பிரதி அனுப்புங்கள். செலவுக் கணக்கை இணையுங்கள். தமிழிலேயே எழுதலாம். கிண்டிய பின் எழுதிப் பயனில்லை, நடும்போதே எழுதுங்கள்.

5. எவ்வளவு வெங்காயம் இறக்குமதியானது, வரி எப்போது மாறியது என்பவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

குழுவாகக் கலந்துரையாடுங்கள்

1. சென்ற போகத்தில் ஒரு கிலோ வெங்காயம் உங்களுக்கு என்ன விலைக்கு முடிந்தது? அதில் குத்தகையின் பங்கு எவ்வளவு?

2. இறக்குமதி வெங்காயத்துக்கு வரி கூடினால், வெங்காயம் வாங்கிச் சமைக்கும் ஏழைக் குடும்பத்துக்கு என்ன நடக்கும்? இரு பகுதியாருக்கும் நியாயமான வழி ஒன்றைச் சொல்ல முடியுமா?

3. அடுத்த நடுகைக்கு முன் உங்கள் அமைப்பு எழுத வேண்டிய கடிதம் எது? அதை எழுதப் போவது யார்? எந்த நாளில் அனுப்பப் போகிறீர்கள்?