விதைப் பூச்சும் மிகை நீர்மமும்

விதை உயிருள்ள பொருள். உறங்கிக் கிடக்கும் அவ்வுயிரை நோயினின்றும் பூச்சியினின்றும் காத்து நிலத்திற் சேர்ப்பதே விதைப் பூச்சின் நோக்கமாகும். மருந்தும் நிறமும் ஒட்டுப்பொருளும் கலந்த நீர்மம், விதையின்மேல் மெல்லிய போர்வையாகப் படிகின்றது. அப்போர்வையை இடும் பொறியில் நீர்மம் அளவுக்கு மிஞ்சுவது ஏன், அதனால் விளையுங் கேடுகள் யாவை, அதனை அடக்கும் வழி யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூரிலும் விளையும் நெல்லை அறிந்த பாலையூற்று வாசகர்க்கு இஃது அயலான பொருளன்று.

இக்கலை பழமையானது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே கப்பலொன்று மூழ்கியதனால் கடல்நீரில் நனைந்த கோதுமையை விதைத்தபோது, அப்பயிர் கரிப்பூட்டை நோயினின்று தப்பியது என்னும் செய்தியை 18ஆம் நூற்றாண்டின் கமத்தொழில் அறிஞராகிய ஜெத்ரோ டல் எழுதிவைத்துள்ளார். அதன்பின் விதையை உப்புநீரில் நனைத்தல் வழக்கமாயிற்று. நனைந்த விதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாதலால், அதன்மேற் சுண்ணாம்புத் தூளைத் தூவி உலர்த்தினர். தமிழகத்திற் பஞ்சு ஒட்டிய பருத்தி விதையைச் சாணக் கரைசலிற் பிசைந்து உலர்த்தி விதைப்பதும் பழைய வழக்கமே. நனைத்தவுடன் உலர்த்த வேண்டும் என்னும் உண்மையை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இன்று கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், நெல்விதை ஒரு கிலோகிராமுக்கு 2 கிராம் பங்கசு நாசினியை ஒரு லீற்றர் நீரிற் கலந்து, விதையை 10 மணிநேரம் ஊறவைத்து, மிகுந்த நீரை வடித்துவிடும் முறையைக் கூறுகின்றது. அசோஸ்பைரில்லம் முதலிய நன்மை தரும் பக்றீரியாக்களில் ஊறவைத்தால், வடித்த நீரை நாற்றங்காலிலேயே ஊற்றலாம் என்றும் அது கூறும். இவ்விரண்டையும் ஒப்புநோக்குக. பின்னையதில் எஞ்சும் நீர் உரமாகின்றது. முன்னையதில் எஞ்சும் நீரோ நஞ்சாகின்றது. பூச்சுப் பொறி ஊறவைக்கும் முறையினும் மிகக் குறைந்த நீர்மத்தையே வேண்டுவது. மிச்சமே இல்லாதவாறு அளந்து இடுதலே அதன் தனிச் சிறப்பு.

பொறியின் அமைப்பு எளியது. மேலுள்ள கூம்புத் தொட்டியிலிருந்து விதை இறங்குகின்றது. வேகமாகச் சுழலும் தட்டொன்று நீர்மத்தை நுண்துளிகளாகச் சிதறி, விழும் விதைத்திரையின்மேற் படியச் செய்கின்றது. பின்னர் உருளையொன்று விதையைப் புரட்டிப் பூச்சைச் சமமாகப் பரப்புகின்றது. இங்கு விதையின் ஓட்டம், நீர்மத்தின் ஓட்டம் என இரண்டு ஓட்டங்கள் உள்ளன. அவை இசைந்து செல்லும்வரை குறை எதுவும் நேராது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நிமிடத்துக்கு 60 கிலோகிராம் விதை ஓடுகின்றது. கிலோகிராமுக்கு 5 மில்லிலீற்றர் நீர்மம் தேவை. எனவே பம்பி நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர் தரவேண்டும். தொட்டியில் விதை குறைந்து ஓட்டம் 50 கிலோகிராமாகத் தளர்ந்தது எனின், பம்பியோ அதனை அறியாது. ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 6 மில்லிலீற்றர் சேர்கின்றது. அஃதாவது ஐந்திலொரு பங்கு மிகை. விதை முற்றாக நின்றபின் பம்பி 10 விநாடி ஓடினாலோ, 50 மில்லிலீற்றர் நீர்மம் வெறும் உருளையில் வீழ்கின்றது. மிகைக்குக் காரணம் பெரும்பாலும் இவ்விசைவின்மையே.

இதனால் விளையுங் கேடுகள் மூன்று. முதலாவது, பாகு மிகுந்த எள்ளுருண்டைபோல விதை திரண்டு கட்டியாகின்றது. விதைப்புக் கருவியின் வாயை அடைக்கின்றது. இரண்டாவது, உருளையின் சுவரிற் படிந்து உலர்ந்த பூச்சு, பின்னர் பொருக்காக உதிர்ந்து விதையோடு கலக்கின்றது. மூன்றாவது, விதையின் ஈரம் ஏறுகின்றது. 13 வீத ஈரமுள்ள 100 கிலோகிராம் விதை அரை லீற்றர் நீரை ஏற்பின் ஈரம் ஏறத்தாழ 13.4 வீதமாகும், 2 லீற்றரை ஏற்பின் 14.7 வீதமாகும். சேமித்த விதையின் ஈரம் ஒரு வீதம் ஏறுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது விதையியல் அறிஞர் ஹாரிங்டன் வகுத்த அண்ணளவான விதி. பெரும்போக விதைப்பு வடகீழ்ப் பருவமழையோடு வருவது. காற்றே ஈரமாயிருக்கும் அக்காலத்தில் நனைந்த விதையை உலர்த்துதல் எளிதன்று.

இனி, அடக்கும் வழியைக் காண்போம். வேலை தொடங்குமுன் பம்பியின் நீர்மத்தை ஒரு நிமிடம் அளவுசாடியிற் பிடித்து அளக்க வேண்டும். அவ்வாறே ஒரு நிமிடத்தில் இறங்கும் விதையை நிறுக்க வேண்டும். விதையின் வகை மாறினால் இரண்டையும் மீண்டும் அளத்தல் வேண்டும். தொடங்கும்போது விதை முந்துக. நிறுத்தும்போது நீர்மம் முந்துக. விதை நின்றால் பம்பியும் தானே நிற்குமாறு இரண்டையும் இணைத்தல் மிக நன்று. பூச்சு முடிந்தும் ஈரம் தெரிந்தால் உலர்த்தும் தூளைச் சிறிது சேர்க்கலாம். ஆயினும் தூள் பிழையை மறைக்குமேயன்றித் திருத்தாது. அதனை நாடுமுன் அளவைத் திருத்துக.

எத்துணைக் கவனமாயினும் சிறிது நீர்மம் எஞ்சவே செய்யும். பொறியின்கீழ் தட்டும், நீர்மத் தொட்டியைச் சுற்றி அதன் முழுக் கொள்ளளவையும் தாங்கும் வரம்பும் அமைக்க வேண்டும். பொறியைக் கழுவிய நீரை மூடிய கலத்திற் சேர்த்துப் பெயரெழுதி வைத்து, அதே மருந்தை அடுத்தமுறை கலக்கும்போது கரைநீராகப் பயன்படுத்துக. அதனை வாய்க்காலிலோ வளவு மண்ணிலோ ஊற்றுதல் ஆகாது. ஊற்று என்னுஞ் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய ஊரில் வாழும் எமக்கு, நிலத்தில் ஊற்றியது கிணற்றில் ஊறும் என்பதைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை.

கழுவினால் நஞ்சு நீங்கிவிடும் என்று எண்ணுவாரும் உளர். ஈராக்கில் 1971–72இல், விதைப்பதற்காக மீதைல் பாதரசம் பூசி நிறமூட்டப்பெற்ற தானியத்தை மக்கள் மாவாக்கி உண்டனர். நிறத்தைக் கழுவிவிட்டால் நஞ்சும் போய்விடும் என்று சிலர் நம்பினர். நிறம் போயிற்று, நஞ்சு நின்றது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். அங்கு மாண்டவராகப் பதிவானோர் மட்டும் 459 பேர். பூசிய விதையில் எஞ்சியதை உணவாகவோ தீவனமாகவோ கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

எனவே, மிகை நீர்மத்தை அடக்குதல் சிக்கனத்தின் பொருட்டு மட்டும் செய்யும் காரியமன்று. விதையின் உயிரும் கிணற்றின் தூய்மையும் உண்பாரது நலமும் அதனுள் அடங்கியுள்ளன. இரசாயனகூடத்திற் சாடியின் அளவுக்கோட்டைக் கண்மட்டத்தில் வைத்து நோக்குமாறு ஆசிரியர் எம்மைப் பணித்தது இத்தகைய வேலைக்காகவே. இன்று அச்சாடியைக் கையில் ஏந்தும் மாணவர், நாளை வயலிலும் அவ்வாறே அளந்து செய்வாராக.