ஓட்டு எப்படி வந்தது? பிள்ளைகளுக்கு நாமே சொல்லித் தருவோம்



மக்களாட்சி, சட்டமன்றம், தேர்தல் ஆணையம் எல்லாம் நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வருகிறது. மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் "ஓட்டுன்னா என்னம்மா?" என்று கேட்பது நம்மிடம்தான். "உனக்கு வயசானா தெரியும், போ" என்று அனுப்பிவிட்டால் சரியா? இந்த மாதம் குழுக் கூட்டத்தில் ஒருவர் இதை வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். பிறகு வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு நடந்த சம்பவம். சென்னையில் ஆறு கடலில் சேரும் இடத்தில் அடையாறு இருக்கிறது. அங்கே 1917 மே மாதம் சில பெண்கள் கூடி 'இந்திய மாதர் சங்கம்' தொடங்கினார்கள். அன்னி பெசன்ட் அம்மையார் அதன் தலைவர். அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸ் அதை நடத்தியவர்களில் ஒருவர். அதே வருஷம் டிசம்பரில், இந்தியாவைக் கவனிக்கும் ஆங்கிலேய மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தார். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைப் போய்ப் பார்த்தது. ஆணுக்கு என்ன தகுதி பார்த்து ஓட்டுக் கொடுக்கிறீர்களோ, அதே தகுதி பார்த்துப் பெண்ணுக்கும் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

உடனே கிடைத்ததா? இல்லை. அந்தந்த மாகாண சட்டசபையே முடிவு செய்யட்டும் என்று தள்ளிவிட்டார்கள். 1921-ல் சென்னை மாகாணம் கொடுத்தது. ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாகாணங்களில் முதலில் கொடுத்தது நம்ம மாகாணம்தான்!

இந்த இடத்தில் நிறுத்தி, "அப்போ நம்ம கொள்ளுப்பாட்டி ஓட்டுப் போட்டிருப்பாங்களா?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். "ஆமாம்" என்றுதான் சொல்லுவார்கள். உண்மை வேறு. சொத்து இருக்கணும், வரி கட்டியிருக்கணும். நூறு பெண்களில் ஒருவருக்குக்கூட அந்த ஓட்டு எட்டவில்லை. நாற்று நட்டவருக்கும் களை எடுத்தவருக்கும் இல்லை. ஏழை ஆண்களுக்கும் இல்லை. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் அந்தச் சட்டசபையின் துணைத் தலைவரானார். பின்னாளில் அடையாற்றில் அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் கண்டவர் அவர்தான். அவரும் ஜனங்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினரானவர் இல்லை, அரசு நியமித்தது.

ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே ஓட்டு என்பது 1950-ல் வந்த அரசியல் சட்டத்தால்தான். அப்போது வயது 21. 1989-ல் 18 ஆனது.

அதற்குப் பிறகும் ஒரு கூத்து நடந்தது, கேளுங்கள். 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனால், பல பெண்கள் பேர் சொல்லவில்லை. "இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா" என்று மட்டும் சொன்னார்கள். சொந்தப் பேர் இல்லாததால் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில். நம்ம வருகைப் பதிவேட்டில் 'முருகன் சம்சாரம்' என்று எழுதினால் ஒத்துக்கொள்வோமா?

சொன்னால் மட்டும் போதாது, பிள்ளைகள் செய்து பார்க்கணும். தெருப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களை ஒரு மாதம் பார்த்துக்கொள்ள ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் நிற்கட்டும். பெண் பிள்ளையும் நிற்கணும். கட்சிச் சின்னம் வேண்டாம். முறுக்கு, பூனை, கொழுக்கட்டை போதும். என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் பேசணும். துணி மறைவில் சீட்டில் குறித்து, மடித்து, காலி பிஸ்கட் டப்பாவில் போடணும்.

யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் மிட்டாய் கொடுத்து ஓட்டுக் கேட்கும். திட்ட வேண்டாம். அவர்கள் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே சட்டப்படி குற்றம் என்று சொல்லுங்கள். "மறைவில் நீ யாருக்குக் குறிச்சேன்னு அவனுக்குத் தெரியுமா?" என்றும் கேளுங்கள். ரகசிய ஓட்டின் பலம் அப்போதுதான் புரியும். ஆனால் திருப்பி ஒரு கேள்வி வரும்: "அப்பா சொன்னவருக்குத்தானேம்மா நீ போடுற?" பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்!

மாதக் கடைசியில் பந்து எங்கே, கயிறு எங்கே என்று தலைவரிடம் கணக்குக் கேட்கச் சொல்லுங்கள். தோற்ற பிள்ளைதான் முதலில் கேட்கணும். நம்ம ஊக்குநரிடம் நாம் கணக்குக் கேட்பதில்லையா, அது போலத்தான்.

வீட்டில் 17 முடிந்த பிள்ளை இருந்தால் இப்போதே படிவம் 6 கொடுக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 ஆகிறதோ, அதைக் கணக்கில் எடுத்துப் பேர் சேர்ப்பார்கள். அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பேர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது. அதனால் வாக்குச்சாவடியில் வரைவுப் பட்டியல் வைக்கும்போது பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அம்மா பேர் எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று அவர்களே விரல் வைத்துத் தேடட்டும்.