ஃபர்ம்வேர் ஏறாத ரிமோட்

கேள்வி: ட்ரோன், மாதிரி விமானங்களை இயக்கும் ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ் ரிமோட்டில் எட்ஜ்டிஎக்ஸ் என்ற ஃபர்ம்வேரை ஏற்ற முயன்றால், கணினி ரிமோட்டைக் கண்டுகொள்வதே இல்லை. ஏன்?

பதில்: முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. போனோடு வரும் சில கேபிள்களில் சார்ஜ் மட்டுமே ஏறும், தரவு போகாது. இந்த ரிமோட்டில் யுஎஸ்பி-சி துளைகளும் இரண்டு: கீழே உள்ளது சார்ஜுக்கு, மேலே உள்ளதுதான் தரவுக்கு.

அடுத்தது டிரைவர். அணைத்து வைத்த ரிமோட்டைக் கணினியில் செருகினால், அது ஃபர்ம்வேரை ஏற்றுவதற்கான டிஎஃப்யூ நிலைக்குப் போகும். விண்டோஸில் ‘எஸ்டிஎம்32 பூட்லோடர்’ என்று தெரியும். ஆனால் சரியான டிரைவர் இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் ஏறாது. ஸாடிக் என்ற இலவச மென்பொருளால் வின்யுஎஸ்பி டிரைவரை நிறுவ வேண்டும். பட்டியலில் வேறு சாதனத்தைத் தேர்ந்துவிடாமல் கவனம் தேவை. தவறித் தேர்ந்தால் மவுஸோ விசைப்பலகையோ முடங்கிவிடலாம்.

இன்னும் எளிய வழி உண்டு. ஃபர்ம்வேர் கோப்பை எஸ்டி கார்டின் ஃபர்ம்வேர் ஃபோல்டரில் போட்டு, கிடைமட்ட டிரிம் பொத்தான்கள் இரண்டையும் உள்நோக்கி அழுத்தியபடி ரிமோட்டை இயக்கினால் பூட்லோடர் திறக்கும். கோப்பை அங்கிருந்தே ஏற்றலாம்.

பாதியில் மின்சாரம் போனாலும் பயம் வேண்டாம். டிஎஃப்யூ நிரல் சிப்பிலேயே நிரந்தரமாகப் பதிந்தது, அழியாது. ஏற்றிய பிறகு குரல் அறிவிப்பு வராவிட்டால், எஸ்டி கார்டின் கோப்புகள் பழைய பதிப்பாக இருக்கலாம். மாடல் அமைப்புகளை முன்பே நகலெடுத்து வைப்பது அவசியம்.