பீர் காய்ச்ச எந்த முறை: பையா, தொகுதிக் கழுவலா, தொடர் கழுவலா?

சென்ற முறை 1.050 காட்டிய ஹைட்ரோமீட்டர், அதே 5 கிலோ பேல் மால்ட்டுக்கும் அதே 23 லிட்டருக்கும் இந்த முறை 1.042 காட்டுகிறது. முளைகட்டிய பார்லியிலிருந்தே வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இது பழகிய ஏமாற்றம். கிலோவுக்கு ஏறத்தாழ 300 லிட்டர்-டிகிரி கிடைக்கலாம் என்று கொண்டால், 5 கிலோவில் இருப்பது 1,500. முதல் முறை எடுத்தது 1,150 (1.050-இன் 50 × 23 லிட்டர்), அதாவது 77 சதவீதம். இப்போது 966, வெறும் 64.

(பிரிட்டனில் 1963-இலேயே வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கிவிட்டது. தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருப்பவர்களுக்கே இந்த வழிகாட்டி.)

முறையை மாற்றும் முன் அரைப்பைப் பாருங்கள். உமி உடையாமல் இருக்க வேண்டும், உள்ளே இருப்பது குருணையாக உடைய வேண்டும். முழுமணி மிஞ்சினால் அதிலுள்ள மாவுச்சத்து அப்படியே வீண். கடையில் அரைத்து வாங்கினால் உருளை இடைவெளி நம் கையில் இல்லை. சொந்த மில் வாங்கி 1 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். நான் பணம் செலவழிக்கச் சொல்லும் முதல் பொருள் இதுதான்.

இனி கழுவல், அதாவது ஊறிய தானியத்தில் தங்கிய சர்க்கரையை வெந்நீரால் எடுப்பது. தொடர் கழுவலில் மேலே வெந்நீர் மெல்ல விழ, கீழே சாறு மெல்ல வடியும். சரியாகச் செய்தால் அதிகம் தருவது இதுதான். ஆனால் முக்கால் மணிநேரமாவது பிடிக்கும். நீர் ஒரே தடத்தில் இறங்கிவிட்டால் மற்ற தானியம் கழுவப்படாது. வடியும் சாறு 1.010-க்குக் கீழே போனபின்னும் விடாமல் கழுவினால் உமியின் துவர்ப்பு பீரில் ஏறும்.

தொகுதிக் கழுவலில் முதல் சாற்றை முழுதும் வடித்து, வெந்நீர் ஊற்றி, நன்றாகக் கிளறி, மறுபடி வடிக்கிறோம். சில புள்ளிகள் குறையலாம். ஆனால் தடம் விழும் சிக்கல் இல்லை. ஐஸ்பெட்டி ஒன்றில் குழாய் பொருத்தினாலே போதும்.

தானியத்தைப் பையோடு ஊறவைத்துத் தூக்கி வடிக்கும், ஆஸ்திரேலியர்கள் பரப்பிய பை முறைக்கு ஒரே பாத்திரம். பையே வடிகட்டி என்பதால் இன்னும் நுணுக்கமாக அரைக்கலாம். அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றது. 5 கிலோ மால்ட் ஈரத்தோடு எவ்வளவு கனக்கும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு தொகுதிக் கழுவல். 85 சதவீதம் ஒருநாளும் 65 மறுநாளும் கிடைப்பதைவிட, எப்போதும் 75 கிடைப்பது மேல். அப்போதுதான் செய்முறையை நம்பி மால்ட் நிறுக்க முடியும்.

அந்த நிலைத்தன்மைக்கு மாஷ் (அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது) 66 டிகிரியில் ஒரு மணிநேரம், பிஎச் 5.2 முதல் 5.6 வரை. கட்டி இல்லாமல் கிளறுங்கள். கொதிக்கும் சாறு குளிர்ந்தால் 4 சதவீதம் சுருங்கும். கொள்ளளவை அதற்கேற்பத் திருத்துங்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த மூன்று முறை ஒரே பீரையே காய்ச்சுங்கள். மாற்றுவதானால் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.