வீழ்ச்சியை வென்ற சுழற்சி

நுழையும்முன்
பறக்கும்போது பொறி நின்றுவிட்டால், அகன்ற இறக்கையுடைய விமானம் காற்றில் சறுக்கியபடியே இறங்கக்கூடும். சுழலும் இறக்கைகளையே நம்பிப் பறக்கும் ஹெலிகாப்டரோ கல்லைப்போல் வீழும் என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று என்பதை அறிவியல் வழிநின்று விளக்குகிறது இப்பாடம்.

விபத்து எழுப்பிய வினா
ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டெ லா சியர்வா வடிவமைத்த மூன்று பொறி விமானம், 1919இல் தரைக்கு அருகில் வேகம் குறைந்து, ஏற்றுவிசையை இழந்து வீழ்ந்தது. வேகம் குறைந்தாலும் வீழாத ஊர்தியை உருவாக்க இயலாதா என்று அவர் சிந்தித்தார். ஊர்தி மெல்லச் சென்றாலும் அதன் இறக்கைகள் விரைந்து சுழன்றால் போதும் என்பதே அவர் கண்ட விடை. அவ்விடையிலிருந்து பிறந்ததே ஆட்டோஜைரோ. அதன் பொறி ஊர்தியை முன்னோக்கி இழுத்துச் செல்லும். மேலுள்ள இறக்கைகளைக் காற்றே சுழற்றும்.

முதல் மூன்று வடிவங்கள் வெற்றி பெறவில்லை. காற்றை எதிர்த்துச் சுழலும் பக்கத்தில் ஏற்றுவிசை மிகுந்தும் மறுபக்கத்தில் குறைந்தும் இருந்தமையால் ஊர்தி பக்கவாட்டில் கவிழ்ந்தது. சியர்வா இறக்கைகளைக் கீல்களில் பொருத்தி, அவை மேலும் கீழும் அசைய வழிசெய்தார். 1923 சனவரியில் மத்ரித் நகருக்கு அருகில் நான்காம் வடிவம் பறந்தது. சில நாள்களில் மற்றொரு பறத்தலின்போது, தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் அதன் பொறி நின்றது. ஊர்தி நொறுங்கவில்லை, மெல்லத் தரையிறங்கியது. எதிர்பாராத அந்நிகழ்வே கோட்பாட்டுக்குச் சான்றாயிற்று.

தற்சுழற்சி
ஹெலிகாப்டரின் இறக்கைகளைப் பொறியே சுழற்றுகிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் மிதிவண்டியின் பின்சக்கரம் உருள்வதுபோல, பொறி நின்றாலும் இறக்கைகள் தடையின்றிச் சுழல ஓர் அமைப்பு அதில் உண்டு. விமானி உடனே இறக்கைகளின் சாய்கோணத்தைக் குறைக்கிறார். ஊர்தி இறங்க இறங்கக் காற்று கீழிருந்து மேலாகப் பாய்ந்து இறக்கைகளைச் சுழலச் செய்கிறது. இதுவே தற்சுழற்சி எனப்படும்.

தரையை நெருங்கியதும் விமானி ஊர்தியின் முகப்பை உயர்த்தி வேகத்தைத் தணிக்கிறார். இறுதியாகச் சாய்கோணத்தைக் கூட்டுகிறார். அப்போது இறக்கைகளின் சுழற்சியில் சேர்ந்திருந்த ஆற்றல் ஏற்றுவிசையாக மாறி ஊர்தியைத் தாங்குகிறது. அவ்வாற்றலை ஒருமுறைதான் செலவிட முடியும். முந்திவிட்டாலும் பிந்திவிட்டாலும் ஊர்தி தரையில் மோதும்.

வடிவமைப்பாளரின் பொறுப்பு
உயரம், முன்செல்லும் வேகம், இறக்கைச் சுழற்சி ஆகிய மூன்றுமே பொறி நின்றபின் எஞ்சும் ஆற்றல் சேமிப்புகள். உயரமும் வேகமும் ஒருசேரக் குறைந்திருப்பின் தற்சுழற்சி நிலைபெற நேரம் கிடைக்காது. எனவே எந்த உயரத்தில் எந்த வேகம் ஆபத்தானது என்பதைச் சோதனைப் பறத்தல்களால் கண்டறிந்து வரைபடமாக்குகின்றனர். விமானிகள் அப்பகுதியை இயன்றவரை தவிர்க்கின்றனர்.

இறக்கைகளின் எடையும் கருதத்தக்கது. எடை மிகுந்த இறக்கைகள் சுழற்சியை நெடுநேரம் காக்கும். எடை குறைந்தவை விரைவில் இழக்கும். சில சிறிய ஹெலிகாப்டர்களில் விமானி செயற்படக் கிடைப்பது ஓரிரு நொடிகளே. ஆதலால், புதிய வடிவம் ஒன்றை உருவாக்குவோர் அது எவ்வாறு எழும் என்பதோடு, பொறி நின்றால் எவ்வாறு இறங்கும் என்பதையும் தொடக்கத்திலேயே கணக்கிட வேண்டும். பாதுகாப்பு, பின்னர் ஒட்டிக்கொள்ளும் அணிகலன் அன்று, வடிவமைப்பின் உயிர்ப்பகுதி.

தெரிந்து தெளிவோம்
1972 சூன் 21 அன்று பிரான்சு நாட்டு விமானி ழான் பூலே, லாமா வகை ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரத்தை எட்டினார். அங்கே பொறி அணைந்துவிட்டது, மீண்டும் இயங்கவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்தும் தற்சுழற்சியாலேயே அவர் பாதுகாப்பாகத் தரையிறங்கினார்.

கற்பவை கற்றபின்
1. தாளில் இறக்கை வடிவம் வெட்டி, மேலிருந்து விடுத்து, அது சுழன்று இறங்கும் முறையைக் குறிப்பெடுக்க.
2. ‘பொறி நின்றபின் எஞ்சுவது ஆற்றலே’ – விளக்குக.