செம்பியன் மாதேவியார்

பண்டைத் தமிழகத்தில் கணவனை இழந்த மகளிர் மேற்கொண்ட கைம்மை நோன்பு கடுமையானது. அணிகளைக் களைதலும், பாயின்றிப் பருக்கைக் கல்லின்மேற் படுத்தலும், நெய்யற்ற வேளைக் கீரையை உண்ணலும் அந்நோன்பின் கூறுகளாம் என்பது சங்கச் செய்யுட்களால் அறியப்படும். அவ்வாழ்வினும் ஈமத்தீயே இனிது எனத் துணிந்து தீப்பாய்ந்தாள் பூதப்பாண்டியன் தேவி. நாடாண்டவன் மனைவியாயினும் அவள்முன் நின்றவை அவ்விரு வழிகளே. அவளுடைய இயற்பெயர்தானும் நமக்குக் கிட்டிலது. பெருங்கோப்பெண்டு, அஃதாவது பேரரசன் மனைவி, என்னும் பெயரே புறநானூற்றில் நின்றது.

பல நூற்றாண்டுகள் கழிந்தபின், சோழர் குலத்து அரசமாதேவி ஒருவர் கைம்மையுற்றும் பட்டம் குன்றாது வாழ்ந்தார். அவரே செம்பியன் மாதேவியார். செம்பியன் என்பது சோழரைக் குறிக்கும் சொல். ஆதலின் இதுவும் கணவன் குலத்தைச் சார்ந்து வந்த பெயரேயாம். இவர் மழவரையர் மகளார். தில்லைப்பெருமான்மீது திருவிசைப்பா பாடிய கண்டராதித்த சோழரின் தேவியார்.

கண்டராதித்தர் ஏறத்தாழ 957ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மைந்தர் உத்தம சோழர் அப்போது சிறு குழவி. எனவே அரியணை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்கும், பின்னர் அவர் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது. மாதேவியாரோ அரசன் தேவியும் அல்லர், அரசன் தாயும் அல்லர் என்னும் நிலையில் பதின்மூன்று ஆண்டளவு கழித்தார். அந்நாளில் அரண்மனையுள் அவர் எவ்வாறு நடத்தப்பெற்றார் என்பதைக் கல்வெட்டு கூறாது; கொடுத்ததைப் பொறிப்பதே கல்வெட்டின் இயல்பு.

ஏறத்தாழ 970ஆம் ஆண்டில் உத்தம சோழர் முடிபுனைந்தார். அதுமுதல் கல்வெட்டுகளில் அன்னையாரின் பெயரோடு பெருமையும் வளர்கின்றது. உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த உடையபிராட்டியார் என்று அவர் போற்றப்படுகின்றார். தந்தை, கணவன், மகன் ஆகிய மூவரையும் சார்த்தி அவர் பெயரைப் பொறித்தல் வழக்காயிற்று. கணவர் மறைந்து ஆண்டு பல கடந்தும் 'கண்டராதித்த தேவர் தேவியார்' என்னும் சிறப்பு அவரை விட்டு நீங்கவில்லை.

அவர்தம் செல்வமெல்லாம் திருப்பணிக்கே பயன்பட்டது. செங்கற் கோயில்கள் பல அவரால் கற்றளிகளாயின. திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்து, அவர் சிவலிங்கத்தை வழிபடும் உருவத்தையும் அங்கே செதுக்குவித்தார். திருக்கோடிக்காவிற் பழங்கோயிலைக் கற்றளியாக்கியபொழுது, பழைய கற்களில் இருந்த அறக்கொடைச் செய்திகள் அழியாவண்ணம் புதுச்சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. தம் கொடையை மட்டுமன்றிப் பிறர் கொடையையும் காத்த இச்செயல் அவர் திருப்பணிகளுள் தலையாயது எனலாம்.

அக்குலத்திலேயே வேறொரு முடிவும் நிகழ்ந்தது. 973ஆம் ஆண்டளவில் சுந்தர சோழர் காஞ்சியிற் பொன்மாளிகையில் இறந்தபோது, அவர் தேவி வானவன் மாதேவியார் பால் மறவாக் குழவியையும் விட்டுத் தீப்புகுந்தார். இதனைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உருக்கமாக உரைக்கின்றது. இவ்விருவர் படிமங்களையும் மகளார் குந்தவையார் தஞ்சைப் பெரிய கோயிலில் எழுந்தருளுவித்தார். தீப்புகுந்தாரைச் சோழர் குலம் போற்றியது உண்மையே. ஆயினும் உயிர்வாழ்ந்த செம்பியன் மாதேவியாரை இகழ்ந்திலது.

அவர் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊர்க் கோயிலில், அவர் பிறந்த கேட்டை நாளைக் கொண்டாடுதற்கு உத்தம சோழரின் தேவியர் நிவந்தம் அளித்தனர். மாமியார் பிறந்தநாளுக்கு மருகியர் பலர் கூடிப் பொருள் வைத்தது அரிய செய்தியன்றோ!

985ஆம் ஆண்டில் உத்தம சோழரும் மறைந்தார். மகனையும் இழந்த மூதாட்டியார், இராசராசர் ஆட்சியிலும் 1001ஆம் ஆண்டு வரையேனும் வாழ்ந்து அறம்புரிந்தார். 1019ஆம் ஆண்டில், இராசராசரின் மைந்தர் இராசேந்திரர் செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் அவருக்குத் திருவுருவம் அமைத்து, அதன் வழிபாட்டிற்கும் நிவந்தம் அளித்தார்.