முனை முதல் முனை வரை

வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டன் தீவின் தென்மேற்குக் கோடியிலுள்ள லாண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்குக் கோடியிலுள்ள ஜான் ஓ கிரோட்ஸ் வரை தன்னந்தனியாகச் சைக்கிளில் செல்லும் நெடும்பிரயாணத்தைப் பற்றி நேயர்கள் கேட்டனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய ஐந்தைத் தேர்ந்து இங்கே விடை கூறுகிறோம்.

கேள்வி: இந்த வழி மொத்தம் எவ்வளவு தூரம்? எத்தனை நாட்கள் ஒதுக்க வேண்டும்? தெற்கிலிருந்து புறப்படுவது நலமா, வடக்கிலிருந்தா? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நேர்க்கோட்டில் அளந்தால் 603 மைல்; சாலை வழியே வழக்கமாகக் கூறப்படும் தூரம் 874 மைல், அதாவது ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஆயினும், மோட்டார்வே எனப்படும் விரைவுச் சாலைகளில் சைக்கிளுக்கு இடமில்லாமையாலும், இடமுள்ள பெருஞ்சாலைகளிலும் லாரிகளின் நெருக்கடியில் மன அமைதி குலைவதாலும், நிதானமாகப் போக விரும்புகிறவர்கள் கிராமச் சாலைகளைச் சுற்றிக்கொண்டு சென்று, முடிவில் ஆயிரம் மைல் அளவுக்கு மிதித்திருப்பார்கள். நாளொன்றுக்கு 50 மைல் என்று வைத்துக்கொண்டு, இடையிடையே ஓய்வு நாட்களையும் மழைக்காக ஓரிரு நாட்களையும் சேர்த்துக்கொண்டால், மூன்றரை வாரங்கள் ஒதுக்குவது உத்தமம்.

அத்தீவில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதாகையால், தெற்கே புறப்பட்டு வடக்கே முடிப்பவருக்கு அது முதுகுக்குப் பின்னிருந்து உதவுகிறது. எதிர்த்து வருபவருக்கோ, சமதரையும் மேடாகிவிடுகிறது. 1886ஆம் ஆண்டிலேயே ஜி. பி. மில்ஸ் என்னும் இளைஞர், முன்சக்கரம் மிகப் பெரிதான பழைய சைக்கிளில் இத்தூரத்தைச் சுமார் 5 நாட்களில் கடந்தார். 2018இல் மைக்கேல் பிராட்வித் 44 மணிக்கும் குறைவான நேரத்தில் கடந்தார். இச்சாதனைகளை வியந்து போற்றுவோம். ஆனால் அவற்றைக் கொண்டு தங்கள் பிரயாணத்தை அளக்க வேண்டாம். பந்தயக்காரருக்குக் கடிகாரம் எப்படியோ, அப்படியே பிரயாணிக்கு வழியிலுள்ள ஊர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெறும் வயதை நெருங்கும் பள்ளி ஆசிரியை. இவ்வயதில், அதுவும் ஒரு பெண் தனியாக, இதைச் செய்ய இயலுமா? — வாசகி, மதுரை

பதில்: அம்மையீர், தாராளமாக இயலும். இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்த ஆன் மஸ்டோ என்பவர், இந்தியாவில் பேருந்தில் போய்க்கொண்டிருக்கையில், தார்ப் பாலைவனத்தினூடே தனியாகச் சைக்கிளில் சென்ற ஓர் ஐரோப்பியரைக் கண்டு, தாமும் அவ்வாறே செல்ல வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டார். பதவியை விட்டு விலகி, 1987இல், தமது 54ஆம் வயதில், பங்க்சர் ஒட்டக்கூடத் தெரியாத நிலையில் லண்டனிலிருந்து புறப்பட்டு, உலகையே சுற்றி வந்தார். அவரிடம் இருந்தது வீரர்களுக்குரிய தேகபலம் அன்று. ஒரு பள்ளியை நடத்தியவருக்கு இயல்பாக அமையும் ஒழுங்கும் பொறுமையுமே.

மற்றொருவரையும் தங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள ஐலீன் ஷெரிடன் என்னும் மாது, ஒரு குழந்தைக்குத் தாயான பின்னர், 1954இல், இதே வழியை 2 நாள் 11 மணி 7 நிமிடத்தில் கடந்தார். அச்சாதனை 1990 வரை எந்தப் பெண்ணாலும் முறியடிக்கப்படவில்லை. அவரைப் பணியமர்த்தியிருந்த நிறுவனம் பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ். அதே பெயரில், 1949இல் முருகப்பா குடும்பத்தாரின் கூட்டுறவோடு தொடங்கப்பெற்ற டி.ஐ. நிறுவனம் அம்பத்தூரில் செய்த சைக்கிள்கள்தாம் நம்மூர்த் தபால்காரர்களையும் பால்காரர்களையும் ஆசிரியர்களையும் பல்லாண்டுகள் சுமந்தவை.

பழக்கம் மட்டும் அவசியம். புறப்படுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்கி, வாரத்தில் மூன்று நாட்கள் தவறாமல் ஓட்டுங்கள். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கடைசி இரண்டு மாதங்களில் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, அடுத்தடுத்த இரு நாட்கள் 40 மைல் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் மீண்டும் சீட்டில் ஏறி உட்காரத் தேகம் இணங்குமாயின், தாங்கள் தயாராகிவிட்டீர்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்து மலைகளை நினைத்தாலே பயமாக இருக்கிறது. வழியில் மிகக் கடினமான பகுதி அதுதானே? — வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பெரும்பாலோர் அவ்வாறுதான் எண்ணுகிறார்கள், ஆனால் சிரமம் முதல் மூன்று நான்கு நாட்களிலேயே, தென்மேற்கே கார்ன்வால், டெவன் என்னும் இரு பிரதேசங்களில் காத்திருக்கிறது. அங்கே சிற்றாறுகள் நிலத்தை ஆழமாக அறுத்துக்கொண்டு கடலில் கலப்பதால், சாலை ஒவ்வோர் ஆற்றுமுகத்துக்கும் செங்குத்தாக இறங்கி, மறுகரையில் அதே செங்குத்தாக ஏறுகிறது. ஐந்தடி முன்னேறுவதற்குள் ஓரடி உயரும் ஏற்றங்கள் அங்கே சர்வசாதாரணம். இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் எழுந்த மண்கரையும் வேலிச் செடிகளும் காற்றையும் காட்சியையும் மறைத்துவிட, ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்குபவருக்கு, மாலையில் கூட்டிப் பார்த்தால் ஒரு மலையையே ஏறிய கணக்கு வரும். ஆகவே முதல் வாரத்தில் நாளுக்கு 35, 40 மைலோடு நிறுத்திக்கொள்வதும், இயலாத ஏற்றத்தில் கூசாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதும் விவேகம்.

ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட்ஸ் மலைநாட்டிலோ, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் டெல்ஃபோர்ட் என்னும் மாபெரும் பொறியாளர் சுமார் 900 மைல் சாலைகளையும் அவற்றுக்குரிய எண்ணற்ற பாலங்களையும் அமைத்தபோது, குதிரை வண்டிகள் மூச்சுத் திணறாமல் ஏற வேண்டுமென்று, பள்ளத்தாக்குகளைத் தழுவிச் சீரான சரிவில் அவற்றை வகுத்தார். அன்று குதிரைக்குச் செய்த உபகாரம் இன்று சைக்கிளுக்கும் ஆயிற்று. சுமார் 1,500 அடி உயரமுள்ள டிரமாக்டர் கணவாயை, சிறிய கியரில் பேசிக்கொண்டே ஏறிவிடலாம். அதற்கு முன்பு இங்கிலாந்தின் வடபகுதியில் எதிர்ப்படும் ஷாப் மேடே அதனினும் கடுமையாகத் தோன்றக்கூடும்.

அங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை வேறு. கடைக்கும் கடைக்கும் இடையே முப்பது மைல் வெறுமை இருக்கலாம். மழை நாள் முழுவதும் பெய்யலாம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை, காற்று ஓய்ந்த மாலைகளில், மிட்ஜ் என்னும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் பூச்சியினம் கூட்டமாய் மொய்த்துக் கடிக்கும். மே நடுவில் புறப்பட்டு ஜூன் முற்பகுதியில் முடிப்பவருக்கு இத்தொல்லை குறைவு, பகல் மிகுதி. ஜூன் மாதத்தில் வடகோடியில் சுமார் 18 மணி நேரம் சூரியன் வானத்தில் இருப்பதால், இருட்டிவிடுமே என்ற பதற்றம் பிரயாணியை அணுகுவதில்லை.

கேள்வி: எத்தகைய சைக்கிள் வேண்டும்? சாமான்கள் எவை? சைவ ஆகாரம் கிடைக்குமா? — வாசகி, சென்னை

பதில்: விலையுயர்ந்த பந்தயச் சைக்கிள் வேண்டியதில்லை. கேரியர் பூட்டத் தகுந்த உறுதியான எஃகுச் சட்டம், 32 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள டயர், மேட்டில் காலுக்கு இலேசாக இருக்கும் சிறிய கியர், மழையிலும் பிடிக்கும் பிரேக் ஆகிய நான்கும் இருந்தால் போதும். பின்சக்கரத்தின் இருபுறமும் பைகளைச் சம எடையாகத் தொங்கவிடுங்கள். முதுகில் பை வேண்டாம். இரவில் முன்னே வெள்ளை விளக்கும், பின்னே சிவப்பு விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் அங்கே சட்டப்படி கட்டாயம். வண்டிகள் நம் நாட்டைப் போலவே இடப்புறம் செல்வதால், திசை தடுமாற வேண்டியதில்லை.

இரண்டு டியூப், பங்க்சர் ஒட்டும் சாமான், டயர் கழற்றும் நெம்பி, பம்பு, பிரேக் கட்டைகள் ஒரு ஜோடி, செயினுக்கு ஓர் இணைப்பு, நல்ல மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, மாற்றுடை ஒன்று: இவற்றுக்கு மேல் எடுத்துவைக்கும் ஒவ்வொன்றையும் கார்ன்வால் மேடுகளில் தாங்களே சுமக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்து எடுத்துவையுங்கள். பங்க்சர் ஒட்டுவதை வீட்டிலேயே, கைபழகும் வரை, பயிற்சி செய்துகொள்வது அவசியம்.

ஆகாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையில் பாலோ வெந்நீரோ விட்டுக் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சி, நண்பகலில் தோலோடு வாட்டிய உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும், ரொட்டியின்மேல் வேகவைத்த பீன்ஸ் ஆகியவை சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலும் கிடைக்கும். பசிக்கும்வரை காத்திராமல், மணிக்கொரு தரம் ஒரு வாழைப்பழமோ சிறிது ரொட்டியோ உண்டுவிட வேண்டும். பசி தெரிந்த பின் உண்பவருக்கு இழந்த சக்தி எளிதில் திரும்புவதில்லை. வடக்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கக்கூடுமாதலால், அன்றைக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவில் எங்கே தங்குவது? மேலும், துணையோடு செல்வதை விடுத்துத் தனியே செல்வதில் என்ன விசேஷம்? அது மனிதரை விட்டு ஒதுங்குவதாகாதா? — வாசகர், சிங்கப்பூர்

பதில்: இவ்விரு கேள்விகளையும் தாங்கள் சேர்த்துக் கேட்டது பொருத்தமே; ஏனெனில் முதலாவதன் விடையிலேயே இரண்டாவதன் விடையும் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930இலும், ஸ்காட்லாந்தில் 1931இலும் தொடங்கிய இளைஞர் விடுதிச் சங்கங்கள், நடந்தும் சைக்கிளிலும் வருவோர் குறைந்த செலவில் தங்குவதற்கென்றே விடுதிகளை நடத்திவருகின்றன. பெயர்தான் இளைஞர் விடுதி, எவ்வயதினரும் தங்கலாம். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் திறந்த வெளியில் கூடாரமிட்டு உறங்கலாம். லாக் லோமண்ட் ஏரிப் பகுதியின் சில இடங்களில் மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். இங்கிலாந்தில், டார்ட்மூரின் பொதுநிலம் போன்ற ஓரிடம் நீங்கலாக, நிலத்துக்குடையவரின் சம்மதம் இல்லாமல் கூடாரமிடலாகாது. போகும்போது பென்சான்ஸ் வரையிலும், திரும்பும்போது விக் அல்லது தர்சோவிலிருந்தும் ரயில் உண்டு. சைக்கிளுக்கும் முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிடுங்கள்.

இனி, தனிமை. குழுவாகச் செல்வோர் தமக்குள்ளேயே பேசிக்கொண்டு ஊர்களைக் கடந்துவிடுகிறார்கள். தனியாக வருபவரை ஊரார் தாமே அணுகி, எங்கிருந்து வருகிறீர்கள், இரவுக்கு எங்கே என்று விசாரிக்கிறார்கள். தம் தேகத்தின் வேகமே தம் வேகமாக, விரும்பிய மேட்டில் நின்று விரும்பிய பாலத்தடியில் இளைப்பாறும் சுதந்திரமும் தனியே செல்பவருக்கே முழுமையாக உண்டு. ஆயினும் அச்சுதந்திரம் அவர் ஒருவரால் விளைந்ததன்று. டெல்ஃபோர்டின் தொழிலாளர் வெட்டிய சாலையிலும், 1888இல் ஜான் பாய்ட் டன்லப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயரின் மேலும், 1878 முதல் சைக்கிள் பிரயாணிகளின் உரிமைக்காக வாதாடிவரும் சங்கத்தின் பாதுகாப்பிலும், 1977இல் பிரிஸ்டலில் கூடிய சில நண்பர்கள் கைவிடப்பட்ட ரயில் பாதையைத் தம் கைகளாலேயே சைக்கிள் பாதையாக்கத் துணிந்ததன் பயனாக நாடெங்கும் கிளைத்த வழித்தடங்களிலும்தான் அவர் செல்கிறார். தனியே மிதிக்கும் ஒருவருக்குப் பின்னால் இருநூறு ஆண்டுகளின் பொதுநல உழைப்பு நிற்கிறது.

ஆதலால் என் வேண்டுகோள் ஒன்றே: புறப்படுமுன் இச்சங்கங்களில் ஒன்றிலேனும் உறுப்பினராகிச் சந்தாவைச் செலுத்திவிடுங்கள். அது விடுதிச் சலுகைக்காகவோ காப்பீட்டுக்காகவோ மட்டும் அன்று. தங்களுக்குப் பின் அவ்வழியே தனியாக வரவிருப்பவருக்கு அப்பாதை திறந்திருக்க வேண்டும் என்பதற்காக.